கடிகாரத்தைத் திருப்பியவர்கள் கவனத்துக்கு

பிரவீனாவுக்கு அந்த டெலிபோனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பச்சை நிறம், சுருள் வயர், அடித்தால் பக்கத்துக் கட்டடம் வரைக்கும் கேட்கிற மணி. அவள் எஞ்சினியரிங் முடித்துவிட்டு புரோகிராமராகத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த வாரத்திலேயே போன் எடுக்கிற பெண் கல்யாணமாகிப் போய்விட, "ரெண்டு நாளைக்கு நீ எடு சாமி" என்றார்கள். அந்த இரண்டு நாள் மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

கம்பெனி திருச்செங்கோட்டில் இருந்தது. பெயர் சௌந்திரம் ரிக் கருவிகள். முதலாளி மயில்சாமி தன் மனைவி பெயரை முதலில் போர்வெல் வண்டியின் நெற்றியில் எழுதினார். வண்டிகள் பெருகியதும் அதே பெயரைக் கம்பெனிக்கும் வைத்துவிட்டார். சௌந்திரம்மாளைக் கேட்டால், தன் பெயரில் தனக்கென்று இருப்பது ரேஷன் கார்டு ஒன்றுதான் என்பார்.

ரிக் என்கிற அந்தப் போர்வெல் வண்டியில் பொருத்துகிற ஒரு பெட்டியைத்தான் அங்கே செய்தார்கள். எத்தனை அடி துளை போட்டது, எவ்வளவு டீசல் குடித்தது, எப்போது தொடங்கியது என்று அந்தப் பெட்டி கணக்குச் சொல்லும். வண்டிகள் ராய்ப்பூர், ஜபல்பூர், அனந்தபூர் என்று ஊர் ஊராகச் சுற்றும். கூடவே இந்தப் பக்கத்துப் பையன்கள் லேப்டாப்போடு சர்வீஸ் பார்க்கப் போவார்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு காலத்துப் பெட்டி, ஒவ்வொரு வகை சென்சார். அதனால் திருச்செங்கோட்டிலிருந்து வெறும் சோர்ஸ் கோடுதான் போகும். மனிதன் எழுதிய அந்தப் புரோகிராமை, வண்டியிலிருக்கும் பெட்டிக்குப் புரிகிற மாதிரி அங்கேயே கட்டியெடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு பில்டு என்று பெயர். பில்டு ஒழுங்காக வந்தால் யாருக்கும் பிரவீனா ஞாபகம் வராது. வராவிட்டால் மணி அடிக்கும்.

"அக்கா, கோகுல்ராஜ் பேசறேனுங்க, ராய்ப்பூர்ல இருந்து. பில்டு வர மாட்டேங்குதுங்க. செவப்பா வருதுங்க."

"செவப்பா என்ன எழுதியிருக்குது?"

"நெம்ப எழுதியிருக்குதுங்க."

"அதப் படி சாமி."

"இங்கிலீசுல இருக்குதுங்க்கா. நீங்களே சொல்லிப்போடுங்க."

இவர்களுக்கு உதவி செய்ய நெட்டில் ஒரு பக்கம், இங்கே திருத்தினால் எல்லோர் திரையிலும் உடனே மாறுகிற மாதிரி, எழுதி வைக்கப்படாமல் இல்லை. சீனியர் புரோகிராமர் நவநீதகிருஷ்ணன் எப்போதோ எழுதியது. அதில் முதல் வரியே ‘பில்டு எளிமையானது’ என்று இருந்தது. இந்த ஒரு வரிக்காகவே அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கலாம். அடுத்து ‘பிழை வந்தால் பதற வேண்டாம்’ என்றிருந்தது. என்ன பிழை, எப்படியிருக்கும், எதைச் செய்தால் போகும் என்ற பேச்சே கிடையாது. கம்ப்யூட்டரை அணைத்துப் போடவும். இருமுறை அணைத்துப் போடவும். நாளைக்கு முயலவும். அதற்கும் சரியாகாவிட்டால் அலுவலகத்துக்குக் கூப்பிடவும். கூப்பிட்டால் எடுப்பது யார் என்பதுதான் தெரிந்த கதையாயிற்றே.

இதில் அநியாயம் என்னவென்றால், ‘நாளைக்கு முயலவும்’ என்ற மருந்து பலபேருக்கு வேலை செய்தது. இன்றைக்கு மல்லுக்கட்டிய அதே பில்டு மறுநாள் காலையில் சாதுவாக வந்துவிடும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. நவநீதகிருஷ்ணன் மட்டும், தான் எழுதிய பக்கத்தின் மகிமை அது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒருநாள் பிரவீனா துணிந்து மயில்சாமியின் அறைக்குள் போய்விட்டாள்.

"ஐயா, அந்தப் பில்டு பக்கத்த நான் புதுசா எழுதறேனுங்க. எழுதுனப்பறம் போன் அடிக்கலீன்னா என்ன புரோகிராம் பக்கம் உட்டுருவீங்களா?"

மயில்சாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். துளை போடும் மண்ணிலிருந்து மேலே வந்தவர். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், ஆனால் ஆளைக் கணிப்பதில் கெட்டிக்காரர்.

"எழுது. எழுதிப்போட்டு எங்கிட்டக் குடு. நானே உக்காந்து பில்டு போட்டுப் பாக்கறேன். எனக்கே வந்துச்சுன்னா எவனுக்கும் வரும். நடுவுல அந்தப் போனுக்கு நான் ஒருக்காக் கூப்புட்டுட்டேன்னாலும், போன் உங்கிட்டயே இருக்கட்டும். சரியா அம்மிணி?"

"சரிங்க ஐயா."

மயில்சாமி உடனே சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்து ஒரு புதன்கிழமையைக் குறித்தார். காலையில்தான் நல்ல நேரம், மதியம் பன்னிரண்டுக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார். இந்த விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. எப்போதோ ஆந்திராவில் ராகு காலத்தில் இறக்கிய துளையில் அறுநூறு அடிக்குக் கீழே பிட் என்கிற துளைமுனை ஒடிந்து மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அவருடைய வண்டி ஒன்றும் ராகு காலத்தில் துளை தொடங்கக் கூடாது, அவருடைய ஆபீசிலிருந்து புரோகிராமின் புதுப் பதிப்பு ஒன்றும் ராகு காலத்தில் வெளியே போகக் கூடாது. துளை தொடங்கிய நேரமும் பதிப்பு போன நேரமும் அவருடைய செல்போனுக்கே செய்தியாக வந்து நிற்கும். நேரம் தப்பியிருந்தால் அன்றைக்கு ஆபீசில் ஒருவரும் வாய் திறக்க முடியாது.

பிரவீனா எழுத ஆரம்பித்தாள். மூன்று வருஷம் போனில் கேட்ட அழுகையெல்லாம் அவள் காதிலேயே இருந்தது. அதைத்தான் வரிசையாக இறக்கினாள். திரையில் சிவப்பாக வருகிற வரி எப்படி இருக்குமோ அப்படியே முதலில் போட்டாள், பையன்கள் படிக்காவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று. அதற்குக் கீழே அது எதனால் வருகிறது, என்ன செய்ய வேண்டும், சரியாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது. ‘எளிமையானது’ என்ற சொல்லைத் தேடிப்பிடித்து அழித்தாள். ஃபோல்டர் பெயரில் இடைவெளி விட்டால் வரும் வம்பு, டிஸ்க்கில் இடம் தீர்ந்தால் வரும் வம்பு, பாதி இறங்கிய கோப்பினால் வரும் வம்பு என்று ஒவ்வொன்றாக முடிந்தது. எழுத எழுத அவளுக்கே சந்தோஷமாக இருந்தது.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. நூறு தடவை பார்த்துவிட்டேன், கோப்பு இன்னும் புதிதாகவே இருக்கிறது, என்னால் முடியாது என்கிற அர்த்தத்தில் கம்ப்யூட்டர் ஒரு வரியைக் கக்கிவிட்டு நின்றுவிடும். அதிகம் போன் வருவதும் இதற்குத்தான், ‘நாளைக்கு முயலவும்’ குணப்படுத்துவதும் இதைத்தான். அவளுடைய மேசையில் எவ்வளவு முயன்றாலும் அந்தப் பிழை வரவே மாட்டேன் என்றது.

ஒரு திங்கட்கிழமை காலை, ஆபீஸ் திறந்ததும் திறக்காததுமாக, கோகுல்ராஜ் அந்தச் சிவப்பு வரியைப் படம் பிடித்து அனுப்பினான். பிரவீனா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சிவப்பு வரியில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் திரையின் மூலையில் லேப்டாப்பின் கடிகாரம் ஏழு மணிக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. படம் வந்து சேர்ந்ததோ எட்டரைக்கு.

அவளுக்கு மூக்கு வியர்த்தது. உடனே கூப்பிட்டாள்.

"கோகுலு, உன்ற லேப்டாப் கடியாரம் ஒன்ர மணி நேரம் பின்னால ஓடுதே."

"அப்படீங்களா? பழைய லேப்டாப்புங்க. கொஞ்சம் மெதுவா ஓடுமுங்க."

"கொஞ்சமா?"

பிரவீனா ரிசீவரைக் காதோடு ஒட்டிக்கொண்டாள்.

"இங்க பாரு சாமி, நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"இன்னிக்கு திங்கக்கெழமைங்க்கா. ஏழரைல இருந்து ஒம்போது வரைக்கும் ராகு காலமுங்க. இங்க தோட்டத்துக்காரரு இப்பவே தொளையப் போடுங்கறாரு. போட்டா அங்க ஐயா செல்லுல ராகு காலத்துல ஆரம்பிச்சான்னு காட்டிக்குடுத்துருமுங்க. பெட்டிக்கு நேரம் லேப்டாப்ல இருந்துதான போவுது. அதான் கொஞ்சம் திருப்பி வெச்சேன்."

"நீ மட்டுமா?"

"அய்யோ, என்ன மட்டும் சொல்லாதீங்க. எல்லாரும்தானுங்க்கா."

பிரவீனா போனை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பில்டு செய்கிற கருவிக்கு உள்ளது ஒரே ஒரு புத்தி. எந்தக் கோப்பு எப்போது மாறியது என்று பார்க்கும், மாறியதை மறுபடி கட்டும். எட்டு மணிக்கு ஒரு கோப்பைத் திருத்திவிட்டுக் கடிகாரத்தை ஏழுக்குத் திருப்பினால், அதன் கண்ணுக்கு அந்தக் கோப்பு இனிமேல்தான் எழுதப்பட வேண்டியது. கட்டும், திரும்பிப் பார்க்கும், அது இன்னும் புதிதாகவே தெரியும், மறுபடியும் கட்டும். நூறு தடவை இப்படிச் சுற்றியே களைத்துப்போய் நின்றுவிடும். மறுநாளானால் அந்த எட்டு மணி பழைய எட்டு மணியாகிவிடுகிறது, பில்டு வந்துவிடுகிறது. நவநீதகிருஷ்ணனின் மகிமை இவ்வளவுதான்.

மகிமைக்காரரிடமே போய்ச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அத எழுதப்போறயா?"

"எழுதாம? அதிகம் போன் வாரதே இதுக்குத்தானுங்ணா."

"அம்மிணி, கேளு. நம்ம பதிப்பெல்லாம் நல்ல நேரத்துலயே போவுதே, எப்படீன்னு நெனச்ச? புதங்கெழம மத்தியானம் அவசரம்னு சொன்னா நான் என்ன பண்றது? ஆபீஸ் மிசினத் திருப்பி வெச்சுத்தான் அனுப்பறேன். ஐயாவுக்குச் சந்தோசம், எனக்கும் நிம்மதி. நீ அத எழுதி வெச்சு அவரு படிச்சாருன்னா, என்ன ரிக்குல ஏத்தி ஒடிசாவுக்கு அனுப்பிப்போடுவாரு."

"நான் உங்க பேரப் போடலீங்ணா."

"பேரப் போடோணுமா? கடியாரத்தத் திருப்பறதுன்னு ஒரு பழக்கம் இருக்குதுன்னு தெரிஞ்சாலே போதாதா?"

பாவமாகத்தான் இருந்தது. அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டுமென்ற எண்ணம் அவளுக்கு இல்லை. அதனால் முதலில் பூசி மெழுகி, ‘தங்கள் கணினியின் நேரம் தவறாக இருக்கக்கூடும்’ என்று எழுதி கோகுல்ராஜுக்கு அனுப்பிப் பார்த்தாள். அவன் உடனே கூப்பிட்டுவிட்டான். "என்ற நேரத்துல தப்பே இல்லீங்க்கா, நானே பாத்துத்தான வெச்சேன்" என்றான். மரியாதையாகச் சொன்னால் இந்தக் கூட்டத்துக்கு உறைக்காது என்று பிரவீனாவுக்குப் புரிந்துவிட்டது. தெரிந்தே திருப்பியவனிடம் தவறு என்று சொன்னால், அவன் வேறு யாரையோ சொல்வதாகத்தான் நினைப்பான். பழையதை அழித்துவிட்டு நேருக்கு நேராக ஒன்று எழுதினாள். தலைப்பு, ‘கடிகாரத்தைத் திருப்பியவர்கள் கவனத்துக்கு.’

புதன்கிழமை வந்தது. அன்றைக்கு மட்டும் வண்டியே கவிழ்ந்தாலும் போன் பண்ணக் கூடாது என்று எல்லாப் பையன்களுக்கும் சொல்லி வைத்திருந்தாள். மயில்சாமி வெள்ளை வேட்டி சட்டையில் விபூதியோடு வந்தார். "நான் ஏமாத்தறேன்னு ஆரும் சொல்லப்படாது" என்று சொல்லி, தன் லேப்டாப் திரை ஹாலிலிருந்த பெரிய டிவியிலும் தெரிகிற மாதிரி வயர் போடச் சொன்னார். பிறகு தன் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தார். எல்லோரும் ஹாலில் நின்று டிவியைப் பார்த்தார்கள். டிவியில் மௌஸின் அம்பு வழி தெரியாத ஆள் மாதிரி அலைந்தது. ஒரு ஃபோல்டரைக் கண்டுபிடிக்கக் காலைப்பொழுதில் பாதி போயிற்று. ஆனால் மனிதர் பக்கத்தில் ஒரு வரி விடாமல் படித்தார், படித்ததைச் செய்தார். ஃபோல்டர் பெயரில் இடைவெளி விட்டு மாட்டினார், பக்கத்தைப் பார்த்து அவரே எடுத்தார். பாதி இறங்கிய கோப்பில் மாட்டினார், அதிலிருந்தும் வெளியே வந்தார். பிரவீனா ஹாலின் சுவரோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். வண்டி எண்ணையும் சென்சார் வகையையும் செட்டிங் கோப்பில் பதித்து அவர் சேமித்தபோது அவளுக்குக் கண் கலங்கியே விட்டது. இனி பில்டு பொத்தான் ஒன்றுதான் பாக்கி.

அப்போது கரண்ட் போயிற்று. கரண்ட்டோடு நெட்டும் போயிற்று. நெட் இல்லாமல் பில்டுக்கு வேண்டிய துணைக் கோப்புகள் இறங்காது. இரண்டும் திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

மயில்சாமி அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"ராகு காலம் பொறந்துருச்சு. எல்லாரும் போயிச் சாப்புடுங்க. ஒன்ரைக்கு மேல பாத்துக்கலாம்."

"ஒன்ரைக்குத் தம்மம்பட்டிக்குக் கெளம்போணும்னு சொன்னீங்களே ஐயா, மச்சினரு ஊட்டு நிச்சயத்துக்கு" என்றாள் பிரவீனா.

"ஆமா. அப்படீன்னா அடுத்த மாசம் பாப்பம். நாளைக்கு வடக்க வண்டி பாக்கப் போயிட்டா நான் வர நாளாகும்."

கதவு மூடிக்கொண்டது. அடுத்த மாசம் என்றால் என்ன அர்த்தமென்று பிரவீனாவுக்குத் தெரியும். இரண்டு நாள் என்று சொன்னது மூன்று வருஷமான கம்பெனி இது. பச்சை டெலிபோனைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அதைத் தூக்கி வாசலிலிருந்த வேலூர் ரோட்டில் போட்டுவிடலாம் போல இருந்தது.

சாப்பாட்டு டப்பாக்கள் திறந்தன. கணக்குப் பார்க்கும் மைதிலி மதியச் செய்தி பார்க்கலாமென்று ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டாள். செய்தி வரவில்லை. முதலாளியின் லேப்டாப் திரைதான் வந்தது. காலையில் போட்ட வயர் அப்படியே இருந்தது. போடச் சொன்னவர் மறந்துபோயிருந்தார்.

மைதிலி மாற்றுவதற்குப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தபோதே டிவியில் அம்பு நகர்ந்தது. காலையில் ஃபோல்டரைத் தேடித் தடவிய அதே அம்பு, இப்போது ஒரு தயக்கமும் இல்லாமல் திரையின் மூலைக்குப் போயிற்று. கடிகாரத்தின் மேல் நின்றது. நேரத்தைத் தானாக வைத்துக்கொள்ளும் வசதியை அணைத்தது. பன்னிரண்டைக் கடந்திருந்த மணி பதினொன்றேகாலுக்குப் போயிற்று. எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. நன்றாகப் பழகிய கை.

ஹாலில் ஒருவரும் மெல்லவில்லை. நவநீதகிருஷ்ணன் பருப்புச் சோற்றை உருட்டி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க்கா" என்று மைதிலி மெதுவாகக் கேட்டாள், "ஐயாவுமா?"

"பேசாம இரு" என்றாள் பிரவீனா. சிரிப்பும் பதற்றமும் அவளுக்கு ஒன்றாக வந்தன. அவர் பில்டு போடப் போகிறார், இன்றைக்கே. கூடவே, செட்டிங் கோப்பைப் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் சேமித்தார் என்பதும் ஞாபகம் வந்தது. என்ன வரப்போகிறது என்று அந்த ஹாலில் இருவருக்குத்தான் தெரியும், அவளுக்கும் நவநீதகிருஷ்ணனுக்கும்.

வந்தது. எழுத்துகள் ஓடின, மறுபடி முதலிலிருந்து ஓடின, சுற்றிச் சுற்றி ஓடின, கடைசியில் சிவப்பாக அந்த வரி விழுந்து நின்றது. மயில்சாமி பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு பிழையாக ஒப்பிட்டுக்கொண்டு கீழே இறங்கினார். பிரவீனா நிம்மதியாக ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். அதைத்தான் எழுதி வைத்திருக்கிறாளே.

பக்கம் முடிந்துவிட்டது. மயில்சாமி மறுபடி மேலே போனார்.

பிரவீனா டப்பாவைக் கீழே வைத்தாள். அவள் எழுதிய அந்தப் பகுதி பக்கத்தில் இல்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தாள். நவநீதகிருஷ்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"காலைல எடுத்துப்போட்டேன்" என்றார் அவர், உதடு மட்டும் அசைய. "ஐயா படிச்சுப்போட்டா என்ன பண்றதுன்னு."

"திருப்பிப் போடுங்க."

"போட்டா..."

"அண்ணா, அவரே திருப்பியிருக்கறாரு. இனி உங்கள என்ன சொல்லுவாரு? போடுங்க."

கண்ணாடி அறைக்குள் மயில்சாமியின் முதுகு தெரிந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். எட்டப் பிடித்து எண்ணைத் தேடினார். நவநீதகிருஷ்ணன் சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் தன் லேப்டாப்பைத் தட்டினார். கடவுச்சொல் தப்பாயிற்று. மறுபடி தட்டினார். பிரவீனா டெலிபோனைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், அந்த முதுகைப் பார்த்தாள். தன் வாழ்க்கை அந்த மனிதரின் சோற்றுப் பருக்கை ஒட்டிய விரலில் மாட்டிக்கொண்டதே என்று அழுகை முட்டியது.

மயில்சாமி செல்லைக் காதுக்குக் கொண்டுபோகிற நேரத்தில், கடைசியாக ஒருமுறை பார்ப்போமென்று பக்கத்தைக் கீழே தள்ளினார். டிவியில் அது வந்து நின்றது.

‘கடிகாரத்தைத் திருப்பியவர்கள் கவனத்துக்கு: மேலே உள்ள சிவப்பு வரி வந்தால் உங்கள் லேப்டாப்பின் நேரம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. யார் திருப்பினார்கள், எதற்காகத் திருப்பினார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. உங்களுக்கே தெரியும். சரியான நேரத்தை வைக்கவும். பில்டு ஃபோல்டரை முழுதாக அழிக்கவும். மறுபடி தொடங்கவும். பச்சை வரி வந்தால் சரியாகிவிட்டது. இதற்கு நாளை வரை காத்திருக்க வேண்டாம்.’

செல்போன் மேசைக்குப் போயிற்று. அம்பு ‘உங்களுக்கே தெரியும்’ என்ற இடத்தில் நெடுநேரம் நின்றது. அந்த முதுகு கோபப்பட்டதா வெட்கப்பட்டதா என்று கண்ணாடி வழியாக யாருக்கும் தெரியவில்லை. பிறகு அம்பு மூலைக்குப் போயிற்று. பதினொன்றேகால் பழையபடி பன்னிரண்டரையாயிற்று. நட்ட நடு ராகு காலம். ஃபோல்டர் அழிந்தது. எழுத்துகள் ஓடின, ஒரே ஒரு தடவை ஓடின. பச்சை வந்தது.

ஹாலில் மைதிலி கை தட்டப் போனாள். பிரவீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மயில்சாமி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். சொல்வதற்கு ஒன்றைத் தயார் செய்துகொண்டு வந்த முகம். அப்போதுதான் டிவி கண்ணில் பட்டது. அவருடைய திரை, பச்சை வரி, மூலையில் கடிகாரம், அத்தனையும் சுவர் முழுக்கத் தெரிந்தது. டிவியைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்தார். எல்லோரும் சோற்றில் கல் பொறுக்குகிறவர்கள் போலக் குனிந்துகொண்டார்கள்.

"பில்டு வந்துருச்சு" என்றார்.

"சந்தோசமுங்க ஐயா" என்றாள் பிரவீனா. பதிப்போடு போகிற குறிப்பை அவள்தான் எழுத வேண்டும். முகத்தை ஒன்றும் தெரியாதவள் போல வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். "கட்டுன நேரம்னு ஒரு எடம் இருக்குதுங்க. என்ன போடட்டுங்க?"

நவநீதகிருஷ்ணனுக்குப் புரையேறியது.

மயில்சாமி சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்தார்.

"பன்னெண்டு நாப்பது."

"ராகு காலமுங்க ஐயா" என்றார் நவநீதகிருஷ்ணன், பழக்க தோஷத்தில்.

"தெரியும். அப்படியே போடு அம்மிணி." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். போனவர் நின்றார். "நவநீதா, மொதல்ல தேடுனப்ப அந்தக் கடியார சமாச்சாரம் பக்கத்துல இல்ல. அப்பறம் இருந்துச்சு. அடியில, இப்பத்தான் திருத்துனதுன்னு உம் பேரு போட்டிருந்துச்சு."

நவநீதகிருஷ்ணன் எழுந்து நின்றார். சோற்றுக் கை இன்னும் காற்றிலேயே இருந்தது.

"இத்தன நாளா நம்ம பதிப்பு ஒண்ணு கூட ராகு காலத்துல போனதில்ல. நானும் நம்புனாப்புலயே இருந்துக்கிட்டேன்" என்றார் மயில்சாமி. "இனி நீ திருப்ப வேண்டியதில்ல, எவனும் திருப்ப வேண்டியதில்ல. உனக்குக் கை சும்மாத்தான இருக்கும். அந்தப் போன எடுத்து உன்ற மேசைல வெச்சுக்க."

அவர் காரில் ஏறுவதற்குள் பிரவீனா பச்சை டெலிபோனின் வயரைப் பிடுங்கிவிட்டாள்.